தூளுக்குப் பெயர் வைத்த மன்றம்

நீர்வேலி அருளம்பலம் மாஸ்ரர் கிழமையில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விஞ்ஞானம் எழுதினார். படிப்பித்ததைப் பிள்ளைகள் சோதனை முடிந்த கையோடு மறந்தார்கள். எழுதியதைச் சனம் அவ்வளவு சுலபமாக மறக்க முடியவில்லை. யுத்தத் தடையால் அச்சுத்தாள் வராத காலம் அது. பேப்பர் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சானது. எது கோடு, எது எழுத்து என்று கண்டுபிடித்து வாசித்து முடிப்பதற்குள் விஷயம் மனப்பாடமாகிவிடும்.

"விஞ்ஞானமும் வீட்டுக்காரரும்" என்பது அவருடைய பத்தியின் பெயர். நனைந்த நெருப்புக்குச்சியைத் தலைமயிரில் தேய்த்தால் ஏன் பற்றுகிறது, பப்பாசிப்பாலுக்கு இறைச்சி ஏன் இளகுகிறது என்றெல்லாம் எழுதுவார். ஒருமுறை சனிக்கிரகம் பூமியிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதினார். அதைக் கேட்ட அவர் மனைவி குணலட்சுமி, "அவ்வளவு தூரத்திலை இருந்துகொண்டே எங்களை இப்பிடி ஆட்டுறாரெண்டால், கிட்ட வந்தால் என்ன செய்வார்!" என்று சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை வழக்கத்தைவிட ஒரு எள்ளெண்ணெய் விளக்குக் கூடுதலாக எரித்தாள். தான் எழுதுவதால் உலகத்தில் ஏற்படும் மாற்றம் எத்தகையது என்பது அன்றைக்கே மாஸ்ரருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழுதினார். பழக்கம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாரியில், சனியைவிட மிகக் கிட்டத்தில் அவருக்கு ஒரு பிரச்சினை வந்தது.

குருநகர்க் கரையில் ஷெல் விழ விழ, அங்கிருந்த கத்தோலிக்கக் கடற்றொழில் குடும்பங்கள் சட்டி பானையோடும் வேதப்படங்களோடும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தன. அவற்றில் ஒரு தொகுதி மாஸ்ரரின் பள்ளிக்கூடத்தில் வந்து குடியேறியது. வகுப்புகள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போயின. பள்ளிக்கூடக் கிணற்றின் கட்டு முன்பே இடிந்து தூர்ந்துபோயிருந்ததால், அடுத்த வளவிலிருந்த அம்மன் கோயில் கிணற்றில்தான் எல்லாரும் தண்ணீர் அள்ளவேண்டும். கோயில் மனேச்சர் தம்பிராசா, "தண்ணிக்கு என்ன சமயம்? வந்து அள்ளுங்கோ" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வாளியை மட்டும் வேறாக்கினார்.

வந்தவர்களில் கனிசியஸ் என்று ஒரு வயோதிபர். கடலில்லாத ஊரில் அவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து மாஸ்ரரின் பாடத்தைக் கேட்பார். சந்திரன் கடலை இழுப்பதைப் பற்றிப் படிப்பித்த நாளில் அவர் கையை உயர்த்தினார்.

"மாஸ்ரர், சந்திரன் கடலை இழுக்கிறது எனக்குத் தெரியும். அம்பது வருஷம் அதோடைதான் சீவிச்சனான். அது கிணத்தையும் இழுக்குமோ?"

"பாத்துச் சொல்லுறன் அண்ணை" என்றார் மாஸ்ரர். பார்ப்பதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஏனென்றால் மழை பிடித்துக்கொண்டது. வாழைத்தோட்டங்களில் வெள்ளம் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவசரத்தில் வெட்டிய மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்து கலங்கி நின்றது. அடுத்த கிழமையே பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஆள் வயிற்றாலை அடிக்கத் தொடங்கியது. மீன் விற்கிற மார்கிரட்டின் மகள் பெர்னடெட், கைக்குழந்தைக்காரி, எழும்ப முடியாமல் கிடந்தாள். அவளை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி மாஸ்ரர் பத்தியில் எழுதினார். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கும் விறகு நனைந்திருந்த ஈரத்துக்கும் அது ஒரு நல்ல நகைச்சுவைக் கட்டுரையாக அமைந்தது.

சுகாதாரப் பரிசோதகர் செபநாயகம் ஒரு சாக்கைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். செஞ்சிலுவைக் கப்பலில் பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்த பிளீச்சிங் பவுடர். கிணற்றில் போட்டால் கிருமி சாகும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் தம்பிராசா கிணற்றுக்கட்டில் ஏறி இருந்துகொண்டார்.

"அம்மன்ரை கிணறு, ஐசே. இதிலை அள்ளித்தான் அபிஷேகம். பேர் தெரியாத சாமானைக் கொட்டேலாது."

"பேர் தெரியாததில்லை ஐயா. பிளீச்சிங் பவுடர்."

"அது இங்கிலிஸ்காரன் வைச்ச பேர். உந்தத் தூளைக் குடிச்சால் பெண்டுகளுக்குப் பிள்ளை தங்காதெண்டும் ஒரு கதை உலாவுது."

"அண்ணை, நான் விஞ்ஞான வாத்தியார், நான் சொல்லுறன்," என்றார் மாஸ்ரர்.

"நீர் சொன்னால் காணுமே? அறிவியற்றமிழ் மன்றம் சொல்லவேணும். அதுவும் எழுத்திலை. மன்றத் தலைவர் எங்கடை திருவிழாவுக்கு வந்து, கோபுரக் கலசத்துக்குள்ளை மின்சாரம் இருக்கெண்டு பேசினவர். அண்டைக்குத்தான் எனக்கு விஞ்ஞானத்திலை ஒரு பக்தி வந்தது."

நீர்வேலியில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. இருந்த ஒரே இடம் அந்தக் கலசந்தான்.

வேறு ஒரு காரணத்துக்காகவும் மாஸ்ரர் மன்றத்தைத் தேடிப் போகவேண்டியிருந்தது. இந்த ஒரு கிணறு மட்டுமல்ல, சுற்றுவட்டத்தில் எல்லாக் கிணறுகளும் கலங்கித்தான் கிடந்தன. தூளை எப்படிப் போடுவது, ஏன் பயப்படத் தேவையில்லை என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடித்து வீடுவீடாகக் கொடுக்க அவர் விரும்பினார். குடாநாட்டில் வெள்ளைத்தாள் கையிருப்பில் வைத்திருந்தது வடபுல அறிவியற்றமிழ் மன்றம் ஒன்றுதான். தங்கள் பொன்விழா மலருக்காகப் பல வருடமாக அதைக் காத்துவந்தார்கள்.

நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய கல்வீட்டில் மன்றம் ஞாயிறு காலையில் கூடும். மாஸ்ரர் போனபோது வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே ஆறடிக் குத்துவிளக்கு. தேங்காயெண்ணெய்க்கு அலைந்த அந்த நாளிலும் ஐந்து திரியும் எரிந்தன. முதல் திரியைத் தலைவர் ஏற்றவேண்டும், இரண்டாவதைக் காப்பாளர், மூன்றாவதைப் பண்டிதர் என்று ஒழுங்கு. காப்பாளர் கனடா போய்விட்டார். ஆகவே இரண்டாவது திரியை ஏற்றுவதற்கு முன் எல்லாரும் சற்று நேரம் கனடா இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்கள். எந்தத் திசை என்பதில் அபிப்பிராயபேதம் இருந்தது. பிறகு பண்டிதர் சிற்றம்பலம் இயற்றிய 'அணு வாழ்த்து' பாடப்பட்டது. எழுந்து நின்று, கண்ணை மூடி, அணுவைப் பாடி, அணுவுக்குள் இருப்பதைப் பாடி, அணுவைப் பிளந்தவர்களை மன்னித்து முடிக்க நல்ல நேரம் எடுத்தது. இறுதி அடியில் ஒரு கிழவர் தன்னை மறந்து "அரோகரா" என்றார். அது கூட்டக்குறிப்பில் பதியப்படவில்லை.

தலைவர் கலாநிதி தியாகராசா மாஸ்ரரை அன்பாக வரவேற்றார். பிரசுரத்துக்கு முழு ஆதரவு என்றார். தாள் தரலாம் என்றார். மன்றத்தின் பெயரில் வெளியிடலாம் என்றும் சொன்னார். மாஸ்ரருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்ல மனிதர்களைப் பற்றி வழியெல்லாம் தவறாக நினைத்துக்கொண்டு வந்தோமே என்று வெட்கப்பட்டார்.

"ஒரு சின்னத் திருத்தம்," என்றார் பண்டிதர் சிற்றம்பலம், மாஸ்ரர் எழுதிய தாளை மூக்குக்கண்ணாடிக்கு எட்டப் பிடித்தபடி. "'கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுங்கள்' என்று தொடங்குகிறீர். 'பிளீச்சிங்' அந்நியம். 'பவுடர்' அந்நியம். அடுத்த வரியில் 'கிருமி' வடமொழி. 'வாளி' பறங்கியர் கொண்டுவந்த சொல்லோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம். 'கிணற்றுக்கு', 'போடுங்கள்' இரண்டும் தூய தமிழ். பாராட்டுகிறேன்."

மாஸ்ரர் குனிந்து பார்த்தார். பண்டிதரின் முழங்கை மேசையில் இருந்தது. பண்டிதர் கதிரையில் இருந்தார். இரண்டும் பறங்கியின் கப்பலில் வந்த சொற்கள். அதைச் சொல்ல வாய் எடுத்தவர், அவற்றையும் நீக்கச் சொல்லித் தீர்மானம் வந்தால் மிச்சக் கூட்டம் முழுவதும் நிற்கவேண்டி வருமே என்று யோசித்து அடக்கிக்கொண்டார். நீர்வேலியிலிருந்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்த கால் அது.

"சனத்துக்கு விளங்கவேணும், அதுதான்..." என்று இழுத்தார்.

தலைவர் சிரித்தார். கோபமேயில்லாத சிரிப்பு.

"மாஸ்ரர், சனத்துக்கு விளங்கவேணுமெண்டு நாங்கள் இறங்கிப்போனால், பிறகு சனத்தை ஆர் ஏத்துறது? நான் நாப்பது வருஷம் தாவரவியல் படிப்பிச்சனான். ஒருதருக்கும் விளங்கேல்லை. அதாலைதான் இண்டைக்கும் என்னைக் கண்டால் எழும்பி நிக்கினம். விளங்கின விஞ்ஞானத்துக்கு மரியாதை ஏது? சமையல் எல்லாருக்கும் விளங்குது. சமைக்கிற மனிசிக்கு ஆர் பொன்னாடை போத்தினம்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். தூளுக்கு ஒரு கலைச்சொல் காண அவசர உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. கூட்டுநர் அருளம்பலம் மாஸ்ரர்.

"அவசர உபகுழு எப்ப கூடும்?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"கந்தசஷ்டி முடியட்டும்," என்றார் பண்டிதர். "விரத காலத்தில் வயிற்றோட்டம் பற்றிப் பேசுவது முறையன்று."

மாஸ்ரர் திரும்பி வந்தபோது மார்கிரட் பள்ளிக்கூடப் படலையில் நின்றாள். மகள் ஆஸ்பத்திரியில்; பேரப்பிள்ளை இடுப்பில். மீன் பெட்டி சுமந்து பழகிய உடம்பு. நிற்கிற நிலையிலேயே பேரம் பேசுகிற மாதிரி இருக்கும்.

"என்ன மாஸ்ரர், உந்தத் தூள் வருமோ?"

"தூள் வந்திட்டுது அக்கா. பேர்தான் இன்னும் வரேல்லை."

மார்கிரட் பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

"பேர் வையாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கேலாது, அது சரி. தூளுக்குமோ?"

மாஸ்ரர் சைக்கிளைத் திருப்பினார்.

சஷ்டி முடிந்தது. உபகுழு கூடியது. 'வெண்பொடி' என்று ஒருவர் சொல்ல, அது பல் துலக்குவது என்று விலக்கினார்கள். 'வெளிற்றுத்தூள்' என்றார் செயலாளர். முகத்துக்குப் பூசுவதென்று பெண்கள் நினைக்கக்கூடும் என்றார் பண்டிதர். பெண்களின் மனதைப் பற்றி ஒரு நீண்ட விவாதம் நடந்தது. அங்கே பெண்கள் யாரும் இல்லாததால் அது சுமுகமாக நடந்தது. வேர்ச்சொல் பார்ப்பதற்காகக் கூட்டம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போடப்பட்டது. அடுத்த கிழமை இராணுவ ஹெலி சுற்றியதால் கூட்டமில்லை.

அந்தக் கிழமையில்தான் கனிசியஸ் இறந்துபோனார். இரண்டு நாள் வயிற்றாலை போனது. வரிசையில் நிற்கிற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு மலசலகூடக் குழிப்பக்கம் போக வெட்கப்பட்டு, மனிதர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டாராம். சிமியோன் பாதர் வந்து பூசை வைத்தார். குருநகருக்குக் கொண்டுபோக வழியில்லை. கிட்டவுள்ள பங்கின் சேமக்காலையில், கடற்காற்று எட்டாத இடத்தில் அடக்கம் பண்ணினார்கள். மாஸ்ரர் மண் போட்டார். சந்திரன் கிணற்றை இழுக்குமா என்று தான் இன்னும் பார்க்கவில்லை என்பது மண் கையிலிருந்து விழும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அடுத்த உபகுழுக் கூட்டத்தில் அவர் எழுந்து, ஒரு ஆள் செத்துப்போனார் என்று சொன்னார்.

எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அதில் குறைசொல்ல முடியாது. பிறகு உட்கார்ந்தார்கள். செயலாளர் பேனையைத் திறந்தார்.

"அனுதாபத் தீர்மானத்திலை எழுதவேணும். என்ன வருத்தத்தாலை காலமானவர்?"

"வயித்தோட்டம்."

"அதை நாங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளேல்லை," என்றார் செயலாளர் தயக்கத்தோடு. "'கழிச்சல்' எண்டு பண்டிதர் பிரேரிச்சிருக்கிறார். 'பேதி' எண்டு ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கு."

"அப்ப முடிவாகுமட்டும் அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ," என்றார் தலைவர். "செத்தவருக்கு ஒரு பிழையான சொல்லைப் போடுறது மரியாதையில்லை."

மாஸ்ரர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார். குணலட்சுமி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "உந்த ஆக்களோடை ஏன் மினைக்கெடுறியள்?" என்றாள். "தம்பிராசா அண்ணை வேறை ஆற்றையும் கதை கேக்கமாட்டார்," என்றார். "அப்ப அம்மனிட்டைச் சொல்லுங்கோ," என்றாள் அவள். அம்மனுக்கும் எழுத்தில் கொடுக்கவேண்டியிருக்கும் என்று மாஸ்ரருக்குத் தோன்றியது.

ஒருவழியாகப் பெயர் பிறந்தது. நீர்த்தொற்றகற்று வெளிறூட்டுச் சுண்ணகப்பொடி. பண்டிதர் அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். இரண்டாம் முறை வாசிக்கக் கேட்டார்கள். பண்டிதருக்கு வயது போய்விட்டது, மூச்சு எட்டவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு நீர்வேலி வாழைகள் இரண்டு குலையோடு வெட்டப்பட்டு வாசலில் நின்றன. நாதஸ்வரம் வந்தது. மாஸ்ரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மன்றத்திடம் இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. விழா முடியச் செயலாளர் வந்து பணிவாகத் திருப்பி வாங்கி மடித்து வைத்தார். தலைவர் பேசினார்.

"கிணறு இண்டைக்கு இருக்கும், நாளைக்குத் தூரும். வருத்தம் வரும், போகும். சொல் நிக்கும். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆராய்ச்சிக்காரன் இந்தச் சொல்லைக் கண்டெடுப்பான். இவ்வளவு நீளமான ஒரு சொல்லை ஆறுதலாக இருந்து செய்தவை எவ்வளவு சுகமாக வாழ்ந்திருப்பினம் எண்டு அவன் பொறாமைப்படுவான்!"

கைதட்டல் அடங்கியபின் மாஸ்ரர் பிரசுரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அருமையான வெள்ளைத்தாள். முதற்பக்கத்தில் தலைவரின் வாழ்த்துரை. அடுத்து ஒரு சுவாமியின் ஆசியுரை. சமநிலைக்காக ஒரு குருவானவரின் ஆசியுரை. பிறகு செயலாளரின் நன்றியுரை, பண்டிதரின் சொல்லாராய்ச்சி. கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி: 'உறைகிணற்று நீரில் நீர்த்தொற்றகற்று வெளிறூட்டுச் சுண்ணகப்பொடியை உரிய அளவில் இடுக.'

"எவ்வளவு போடவேணுமெண்டு எழுதினனான், அது எங்கை?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"இடம் காணேல்லை," என்றார் செயலாளர். "அளவை மலரிலை விரிவாகப் போடுவம்."

தம்பிராசாவிடம் பிரசுரத்தைக் கொடுத்தபோது அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். உள்ளே கொண்டுபோய் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்தார். பிறகு உட்கார்ந்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாக வாசித்தார். செபநாயகம் சாக்கோடு காத்து நின்றார்.

"நல்லது," என்றார் தம்பிராசா. "மன்றமே சொல்லியிட்டுது. இனி எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கை அந்த... இந்தப் பொடி?"

"இதுதான் அண்ணை," என்று மாஸ்ரர் சாக்கைக் காட்டினார்.

தம்பிராசா சாக்கைச் சுற்றி வந்தார். அதன் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர் பழைய தபால் கந்தோர் ஆள். ஆங்கிலம் வாசிப்பார்.

"இது பிளீச்சிங் பவுடர்."

"ஓம், அதுதான் இது."

"எனக்குப் பேய்க்காட்டாதையும் மாஸ்ரர். மன்றம் சொன்னது வேறை, நீர் கொண்டுவந்தது வேறை. மன்றம் சொன்ன சாமான் வரட்டும். நான் ஓடியிட மாட்டன், இஞ்சைதான் இருப்பன்."

செபநாயகம் மாஸ்ரரைப் பார்த்தார். மாஸ்ரர் வானத்தைப் பார்த்தார். முன்பென்றால் இந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்; ஒரு கட்டுரையும் வந்திருக்கும். இப்போது இரண்டும் வரவில்லை. சாக்கைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஒரு பெரிய தாளில் மன்றத்தின் சொல்லை முழுவதுமாக எழுதினார். ஒரு வரிக்குள் அடங்கவில்லை, மூன்றாக மடித்து எழுதினார். கஞ்சிப்பசையால் சாக்கின் ஆங்கிலத்துக்கு மேலே ஒட்டினார். வெயிலில் காயவைத்து, அடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்தார்.

தம்பிராசா வாசித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீரோ! தேடினால் கிடைக்கும். இனி சும்மா கொட்டேலாது. தலைவர் வந்து தன்ரை கையாலை துவக்கிவைக்கவேணும்."

நாள் குறித்தார்கள். பெர்னடெட் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். சேலைன் தட்டுப்பாடு என்று மார்கிரட் சொன்னாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. முன்பு போலக் கேட்டிருந்தால் மாஸ்ரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விழாவன்று கிணற்றடியில் பந்தல். தலைவர், பண்டிதர், செயலாளர் மூவரும் வாடகைக் காரில் வந்தார்கள். கார் மண்ணெண்ணெயில் ஓடியதால் அவர்களுக்கு முன் புகை வந்தது. நேரம் பார்ப்பது மூடநம்பிக்கை என்று தலைவர் இறங்கும்போதே அறிவித்தார். ஆனால் ராகுகாலத்துக்கு முன் தொடங்கிவிட்டால் போக்குவரத்துக்கு வசதி என்றார். வெள்ளித்தாம்பாளத்தில் தூள் குவிக்கப்பட்டது. கோயில் ஐயர் தேங்காய் உடைத்தார். பண்டிதர் சொல்லின் பிறப்பை விளக்க எழுந்தார்.

"'வெளிறு' என்னும் அடியினின்று..." என்று அவர் ஆரம்பித்தபோது வடக்கே ஒரு இரைச்சல் கேட்டது. சனம் அண்ணாந்தது.

"ஐயோ பொம்மர்! பங்கர் எங்கை, பங்கர் எங்கை?" என்று ஒரு குரல் கிறீச்சிட்டது. அந்தக் குரல் பண்டிதருடையது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாழைகளுக்கிடையில் ஓடிய வேகம், இரண்டாம் முறை மூச்சு எட்டாத ஒருவருடைய வேகமல்ல. தலைவரும் செயலாளரும் தம்பிராசாவும் பின்னால் ஓடினார்கள். பள்ளிக்கூடச் சனம் தங்கள் பதுங்குகுழிகளுக்குள் பாய்ந்தது. மாஸ்ரரும் தோட்டத்துப் பங்கர்க்குழி வாசல்வரை போனார். உள்ளே இடமில்லை. தலைவருடைய கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்து கிணற்றுக்கட்டோடு சாய்ந்து குந்தினார். அங்கே செபநாயகம் படுத்திருந்தார். மார்கிரட் பேரப்பிள்ளையை மடிக்குள் அமுக்கிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் ஐயர் தூணோடு ஒட்டி நின்றார். பொம்மர் ஒருமுறை சுற்றியது. கிழக்கே எங்கோ குண்டு போட்டது. நிலம் அதிர்ந்தது. மறுபடி சுற்றப் போனது.

மார்கிரட் செபமாலையை நிறுத்தினாள். சுற்றிப் பார்த்தாள். கிணற்றடியில் பெரிய மனிதர்கள் ஒருவரும் இல்லை.

"மாஸ்ரர்," என்றாள் மெதுவாக. "இப்ப ஒருதரும் இல்லை."

மாஸ்ரருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. செபநாயகத்துக்கு உடனே விளங்கியது. படுத்தபடியே தவழ்ந்து வாளியை இழுத்தார். தாம்பாளத்திலிருந்ததில் அளவாக எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். மாஸ்ரர் தடியால் கலக்கினார். பயந்தது பொம்மருக்கோ மன்றத்துக்கோ, எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. மண்டி அடியில் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் கிணற்றுக்குள் ஊற்றினார்கள். மார்கிரட் பிள்ளையை ஐயரிடம் நீட்டினாள். ஐயர் ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். அவள் வாளியை விட்டு அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றித் தண்ணீரைக் கலக்கினாள். அவள் எடுத்தது கோயில் வாளி. ஐயர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பேச்சில்லை, பெயரில்லை. பொம்மர் இரண்டாவது தரம் போட்டுவிட்டுப் பலாலி முகாம் பக்கம் போய்விட்டது.

வாழைத்தோட்டத்தில் ஆட்கள் எழும்பும் சத்தம் கேட்டது. செபநாயகம் தாம்பாளத்தில் மிஞ்சிய தூளைப் பார்த்துப் பதறினார்.

"இனி இதையும் கொட்டினால் தண்ணி வாயிலை வைக்கேலாது. மாஸ்ரர், எப்பிடியாவது மறியுங்கோ."

ஐயர் பிள்ளையை மார்கிரட்டிடம் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தாம்பாளம் குவியலாக, முன்னையிலும் வெள்ளையாக இருந்தது.

"விபூதி," என்றார் தாழ்ந்த குரலில். "கொஞ்சம் விழுந்தால் ஒருதருக்கும் ஒண்டும் செய்யாது."

தலைவர் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். பண்டிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பின்னால் நின்றார். சொல்லின் பிறப்பு விளக்கப்படாமலே போயிற்று. தலைவர் தாம்பாளத்தை வாங்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், ஆழ இழுத்தார்.

"ஆ! இதுதான் அந்த நெடி. மூக்கைத் துளைக்குது. விஞ்ஞானத்தின் நெடி!" என்றார். "உயிரைத் துச்சமெண்டு மதிச்சு, வான்தாக்குதலுக்கு நடுவிலை..." என்று தொடங்கி ஒரு சிறு உரை நிகழ்த்தினார். உரை முடிந்து, அம்மன் கிணற்றுக்குள் அம்மனின் விபூதியைக் கொட்டினார். தம்பிராசா கும்பிட்டார். செயலாளர் கைதட்டினார். காற்று திரும்பி அடித்ததில் தலைவருடைய நெற்றியிலும் கொஞ்சம் அப்பியது.

வயிற்று வருத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. மன்றம் தன் சஞ்சிகையில், ஒரு சொல் ஒரு கிராமத்தைக் காத்தது என்று எழுதியது. தம்பிராசா அம்மனுக்குப் பட்டுச் சாத்தினார். பள்ளிக்கூடத்தில் சிமியோன் பாதர் ஒன்பது நாள் நவநாள் வைத்திருந்தார். வருத்தம் போனது அதனால்தான் என்பதில் அவருடைய சனத்துக்குச் சந்தேகமே இல்லை. ஐயர் மட்டும் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கிழமைக்கு ஒருமுறை விடிவதற்கு முன் செபநாயகம் தூள் கரைத்த வாளியோடு வந்து போவதைக் கண்டாலும் காணாதது போலப் பூப்பறித்துக்கொண்டு நிற்பார். ஊரைக் காத்த சொல்லைப் பற்றிப் பத்தியில் எழுதச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் மாஸ்ரரைக் கேட்டார். அவர் வாழைப்பழம் ஏன் பழுக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பெர்னடெட் வந்திருந்தாள். எலும்பும் தோலுமாக, சுவரோடு சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்ரரைக் கண்டு சேலைத்தலைப்பை இழுத்துவிட்டு, லேசாகச் சிரித்தாள். மார்கிரட் வாங்குப் பலகையைத் துடைத்து அவரை இருத்தினாள். அடுப்பில் சுள்ளி வைத்துத் தேத்தண்ணி போட்டாள். சீனி இல்லை. ஒரு துண்டுப் பனங்கட்டி கையில் வைத்துக் கொடுத்தாள்.

மாஸ்ரர் ஒரு வாய் குடித்தார்.

"மருந்து மணக்குது, என்ன மாஸ்ரர்?" என்றாள் மார்கிரட் சங்கடத்தோடு. "இண்டைக்கு விடியத்தான் போட்டவை. ஊத்திப்போட்டு வேறை தரட்டோ?"

"ஓம், மணக்குது," என்றார் மாஸ்ரர்.

மிச்சத்தையும் ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கோ?"